எல்லாரையும் தேற்றியவள்

ஆறுதல் சொல்ல வந்த பெண் கதிரையில் இருந்து அழுதுகொண்டிருந்தார். பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவருக்குத் தேத்தண்ணி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "அழாதீங்க சாச்சி, உங்களுக்குப் பிரசர் இரிக்கி. அல்லாஹ் தந்தான், அவனே எடுத்துக்கிட்டான். நீங்க இப்படி அழுதா நான் என்ன செய்யிற?" என்று சொல்லி அவர் முதுகையும் தடவிவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு நாள்கூட முழுதாக ஆகவில்லை. வாசலில் நின்று பார்த்த எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வந்தவர் மேல் கொஞ்சம், இவள் மேல் நிறைய.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. மதுரங்குளியில் பிறந்து, பள்ளிவாசல்துறையில் எங்களுக்கு அடுத்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் என்றால் போதும். புருஷன் கடலுக்குப் போகிறவன், வாய் பேசாதவன். மாமியார் எனக்கு உறவில்லை என்றாலும் தெருவே அவரை மாமி என்றுதான் கூப்பிட்டது, நானும் அப்படித்தான். அவளுக்கு நான் அக்கா முறை, ராத்தா என்பாள். என் வாய் நீளம் என்று ஊரில் பேர். அவள் வந்த பிறகுதான் அந்த வாயைக் கொஞ்சம் அடக்கவும் பழகினேன், அதுவும் அவள் கண்ணைக் காட்டி அடக்கியதால்.

பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அவளுக்குச் சீனி வருத்தம் வந்துவிட்டது. வயதுபோனவர்கள் குளிசை போட்டுக்கொண்டு காலந்தள்ளுகிற சீனி இல்லை அது. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட்டே ஆக வேண்டும், போடாவிட்டால் உயிர் தங்காது. கல்யாணம் பேசும்போதே அதைச் சொல்லித்தான் கொடுத்தார்கள். மாமியும் அறிந்துதான் எடுத்தார். "சீனி இரிக்கிற புள்ள, கதயும் இனிப்பாத்தான் இரிக்கும்" என்று அவர் சொன்ன பகடி எங்கள் தெருவில் கொஞ்ச நாள் ஓடியது. அது பகடியாகவே நின்றிருக்கலாம்.

அந்த வீட்டில் பிரிட்ஜ் இல்லை. அதனால் அவளுடைய மருந்துப் போத்தல் எங்கள் வீட்டுப் பிரிட்ஜின் கதவில், முட்டை வைக்கும் குழியில் இருந்தது. என் மனிசன் மீன் வியாபாரி. எங்கள் பிரிட்ஜைத் திறந்தால் என்ன வாடை வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கரண்ட் போகிற நாள்களில் அவர் கரையிலிருந்து ஐஸ் கட்டி கொண்டுவருவார். ஐஸில் நேரே பட்டால் மருந்து கெட்டுவிடும் என்று அவள் போத்தலைத் துணியில் சுற்றி, ஒரு டப்பாவில் போட்டுத்தான் பக்கத்தில் வைப்பாள். "ஊசி போட்டுட்டுப் போனா பூன பின்னாலயே வருது ராத்தா" என்று சிரிப்பாள். கரண்ட் வரவில்லையே என்று நான் பதறினால், "ஒண்டுமில்ல ராத்தா, ஒண்டுமில்ல" என்று என்னைத் தட்டிக்கொடுப்பாள். மருந்து அவளுடையது, உயிர் அவளுடையது, தட்டிக்கொடுப்பு எனக்கு.

அந்த "ஒண்டுமில்ல" அவள் வாயில் எப்போதும் இருந்தது. ஒருமுறை கிளினிக் போகும் வழியில் நாங்கள் ஏறிப்போன த்ரீவீலில் ஒரு நாய் அடிபட்டது. டிரைவர் பொடியன் இனி வண்டியை எடுக்க மாட்டேன் என்று நின்றுவிட்டான். இவள் இறங்கிப்போய் அவனுக்குத் தண்ணீர் கொடுத்து, நாய் எழும்பி ஓடுவதைக் காட்டி, "ஒண்டுமில்ல தம்பி, பாருங்க, அது நம்மள ஏசிக்கிட்டே போகுது" என்றாள். அவன் சிரித்து வண்டியை எடுத்தான். அன்றைக்குக் கிளினிக்கில் அவளுக்குத்தான் நேரம் தப்பி, சாப்பாடு பிந்தி, சீனி இறங்கி உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. அப்போதும் என்னிடம் ஒண்டுமில்ல என்றாள்.

"தனக்கு மிஞ்சித்தான் தானம் புள்ள" என்று நான் ஏசுவேன்.

"ஓம் ராத்தா" என்பாள். யார் என்ன சொன்னாலும் ஓம்தான்.

முதல் பிள்ளை வயிற்றில் தங்கியபோது தெருவே சந்தோஷப்பட்டது. எங்கள் தெரு சந்தோஷப்பட்டால் தட்டில் எதையாவது மூடிக்கொண்டு வரும். தேங்காய்ப்பாலும் முட்டையும் இனிப்பும் சேர்த்து அவித்த வட்டிலப்பம், பேரீச்சம்பழம், பால்சோறு. "வயித்துல இரிக்கிறதுக்கும் சேத்துச் சாப்பிடு மகள்" என்பார்கள். சீனி வருத்தக்காரி என்று தெரியும். ஆனாலும் பிள்ளைத்தாச்சிக்கு ஆசை இருக்குமே, ஒரு கரண்டியில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைப்பார்கள். அவள் அந்த ஒரு கரண்டியைச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவாள்.

"வேணான்டு சொன்னா அவங்கட முகம் வாடுது ராத்தா. ஒரு கரண்டி சாப்பிட்டா அவங்களுக்கு மனசு நிறையிது."

"அவங்களுக்கு மனசு நிறைஞ்சா ஒனக்குச் சீனி நிறையும்" என்றேன்.

ஏழாம் மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே மவுத்தாகிவிட்டது. ஆண் பிள்ளை. சீனி கூடினதாலும் இருக்கலாம், வேறெதனாலும் இருக்கலாம் என்றுதான் டொக்டர் சொன்னார். அவளைக் கவனித்துவந்த மிட்வைப் மிஸ் வயதில் சின்னவர், அதுதான் அவர் பார்த்த முதல் சாவு போல. கட்டிலோரம் நின்று அழுதுவிட்டார். அவள் அந்த மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சீங்க மிஸ்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் பால் சுரந்தது. குடிக்கப் பிள்ளை இல்லை என்று மார்புக்கு யார் சொல்வது. மாமி பழைய சேலையைக் கிழித்துத் தந்தார், நான்தான் இறுக்கிக் கட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள் இடையில், "உங்கட கை நோகுதா ராத்தா?" என்று கேட்டாள். எனக்கு அவளை அணைப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை.

இனி நான் சொல்லப் போவது மாமி மவுத்தாகும் வரை நான் வாய் திறக்காத ஒன்று. மாமி இப்போது இல்லை.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாளும் மருந்து கொடுப்போம். வேர்க்கொம்பு, மிளகு, உள்ளி, மஞ்சள் எல்லாம் வறுத்து இடித்து, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிண்டி உருண்டை பிடிப்பது. பிள்ளை தங்காத வீடுகளில் பெரும்பாலும் அதைச் செய்ய மாட்டார்கள். அப்படி ஒரு பேறே நடக்காத மாதிரி இருந்துவிடுவார்கள். மாமி செய்தார். அடுப்படியில் வியர்க்க வியர்க்க நின்று கிண்டினார். "மவுத்தாப் பொறந்தாலும் பெத்த உடம்பு பெத்த உடம்புதான். என்ட மருமகளும் புள்ள பெத்தவதான்" என்று எனக்குக் கேட்கவே சொன்னார். கருப்பட்டியும் சீனிதான் என்று அவருக்குப் படவில்லை. எங்கள் ஊரில் யாருக்கும் பட்டிருக்காது. தேத்தண்ணிக்குச் சீனியை விட்டுவிட்டுக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு, சீனி குறைந்துவிட்டது என்று பெருமை பேசுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

அவளுக்குத் தெரியும். ஊசி போட வந்தபோது தனியாகப் பிடித்துக் கேட்டேன். "அது ஒனக்கு நஞ்சு. தெரியுமா தெரியாதா?"

"தெரியும் ராத்தா."

"அப்ப வேணான்டு சொல்லு."

"எப்படிச் சொல்ற? வார எல்லாரும் ஒண்டும் நடக்காத மாதிரித்தான் கதைக்கிறாங்க. எனக்குப் புள்ள பெத்தவளுக்குச் செய்யிற வேலயச் செஞ்சது மாமி மட்டும்தான்."

நான் போத்தலை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

ஒரு கிழமை போயிருக்கும், அவளுக்கு வாந்தி நிற்கவில்லை. மூச்சில் அழுகிய பழ வாடை அடித்தது. புத்தளம் ஆஸ்பத்திரியில் வைத்துச் சேலைன் ஏற்றினார்கள். அவளுக்குக் கண் விழிப்பு வந்ததும் டொக்டர், என்ன சாப்பிட்டாய் என்று அதட்டிக் கேட்டார். கட்டில் தலைமாட்டில் மாமி நின்றார், கால்மாட்டில் நான். அவள் மாமியை ஒருதரம் பார்த்தாள். பிறகு டொக்டரிடம், "வட்டிலப்பம் டொக்டர். ஒருத்தருக்கும் தெரியாமக் கள்ளமாச் சாப்பிட்டன்" என்றாள்.

டொக்டர் கிழிகிழியென்று கிழித்தார். மாமி தலையில் கை வைத்துக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தாள், அவ்வளவுதான். மாமி தன் கையால் கொடுத்த மருந்து இது என்று அறிந்தால் அன்றோடு விழுந்துபோவார் என்று அவள் பயம். அந்தப் பயம் சரிதான். ஆனால் சீனி வருத்தத்தோடு வட்டிலப்பம் திருடித் தின்றவள் என்று ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இரண்டாவது பிள்ளைக்கு அவசரப்படக்கூடாது, முதலில் சீனி கட்டுக்குள் வர வேண்டும் என்றார்கள். அவள் பொறுத்தாள். சீனி ஒழுங்குக்கு வந்து, டொக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் உண்டானது. அந்த எட்டு மாதத்தில் அவளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பிள்ளை வேண்டும் என்றால் ஒரு பெண் எதையெல்லாம் விடுவாள் என்று. காலையில் சுபஹு தொழுதுவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு கடற்கரை ரோட்டில் நடப்பாள். விரலைக் குத்திக் குத்திப் பார்த்து நுனியெல்லாம் காய்த்துப்போயிருந்தது. குரக்கன் பிட்டும் கீரையும்தான் சாப்பாடு, அதுவும் அளந்து. மாமி வாசலில் கதிரை போட்டு இருந்துகொண்டு, மூடின தட்டோடு வருகிறவர்களை அப்படியே திருப்பி அனுப்பினார். முதல்முறையாக அவள் தன்னைப் பற்றி மட்டும் யோசித்தாள் என்று எனக்கு நிம்மதி. தன்னைப் பற்றி இல்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. கிளினிக்கில் அவளைக் காட்டி மற்றப் பெண்களுக்குச் சொன்னார்களாம், இப்படி இருக்க வேண்டும் என்று. அதை வந்து என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த சிரிப்பை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

ஒரு நாள் நடுப்பகல் லுஹர் நேரம், ஊசி நேரம் இல்லாத நேரத்தில் வந்தாள். குசினி வாசலில் நின்றாள்.

"ராத்தா, காலயிலருந்து புள்ள அசையல்ல."

த்ரீவீல் பிடித்துப் போனோம். வழி நெடுக அவள் வயிற்றில் கையை வைத்தபடி ஓதிக்கொண்டு வந்தாள். ஸ்கேன் பார்த்த டொக்டர் ஒரு சிங்களப் பொடியன். வெகு நேரம் தேடிப் பார்த்தார். பிறகு திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்குத் தமிழ் வராது. சொல்ல வேண்டியதைச் சிங்களத்திலும் சொல்ல முடியாமல் நின்றார். அவள்தான் படுத்தபடியே, "கமக் நே டொக்டர்" என்றாள். பரவாயில்லை என்று. பரவாயில்லையாம்.

பெண் பிள்ளை. தலை நிறைய முடி. சீனி ஒழுங்காக இருந்தும் சில வேளை இப்படி நடக்கும், காரணம் சொல்ல முடியாது என்றார்கள். முதல்முறை குற்றம் போடவாவது ஒரு கரண்டி வட்டிலப்பம் இருந்தது. இந்த முறை அதுவும் இல்லை.

எங்கள் பெண்கள் அடக்கம் செய்ய மையவாடிக்குப் போவதில்லை. துணியில் சுற்றிய பிள்ளையை அவள் முகம் பார்த்துவிட்டுப் புருஷன் கையில் கொடுத்தாள். "முகத்துல மண் விழாம மெதுவா வைங்க" என்றாள். கடலில் எத்தனையோ பார்த்த மனிசன், அந்த இடத்திலேயே சுவரோடு சரிந்து இருந்துவிட்டான். அவள் கட்டிலிலிருந்து இறங்கி, இரத்தம் வழிய வழிய அவன் பக்கத்தில் குந்தி, "ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல. எழும்புங்க. புள்ளயக் காக்க வெக்கக்கூடா" என்றாள். நர்ஸ் வந்து ஏசித்தான் அவளைத் திரும்பக் கட்டிலில் ஏற்றினார்.

பிறகு ஊர் வந்தது, நான் முதலில் சொன்ன அழுகையும் தேத்தண்ணியும். ஸபூர் செய்யுங்க, பொறுமையா இரிங்க என்றார்கள். வேற தருவான் என்றார்கள். மறுமையில் பிள்ளை கையைப் பிடித்துச் சுவர்க்கத்துக்குக் கூட்டிப்போகும் என்றார்கள். எல்லாவற்றுக்கும் அவள் ஓம் என்றாள். ஒருத்தி மட்டும், நல்லது சொல்வதாக நினைத்துக்கொண்டு, "போன முறையே பாடம் படிச்சிரிக்கணும் மகள். கொஞ்சம் வாயக் கட்டியிரிந்தா இந்தப் புள்ள தங்கியிரிக்கும்" என்றாள்.

மாமி எழும்பிவிட்டார். "எட்டு மாசமா என்ட மருமகள் ஒரு பேரீச்சம்பழம் வாயில வெச்சதில்ல. நான் பாத்துக்கிட்டு இரிந்தன்" என்று கத்தினார். எனக்கோ நாக்கு நுனி வரை வந்துவிட்டது, ஊர் சொல்கிற அந்தக் கள்ள வட்டிலப்பம் உண்மையில் எது என்று. அவள் மாமியின் கையைப் பிடித்து இருத்தினாள். எனக்குக் கண்ணைக் காட்டினாள். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி, "ஓம் சாச்சி. நீங்க என்ட நன்மைக்குத்தானே சொல்றீங்க" என்று தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினாள். அந்தப் பெண் மனம் ஆறிப் போனாள். அந்த வீட்டுக்கு வந்த எல்லாரும் மனம் ஆறித்தான் போனார்கள்.

வருவோர் குறைந்த பிறகு ஒரு காலையில் அவள் ஊசிக்கு வரவில்லை. தாங்க முடியாத அசதியாக இருக்கும், பிந்தி வருவாள் என்று இருந்தேன். மாலையில் நான் கரைக்குப் போயிருந்தேன். மறுநாள் காலையிலும் வரவில்லை. பிரிட்ஜைத் திறந்தால் போத்தல் நான் நேற்றுப் பார்த்தபடியே இருந்தது, பக்கத்தில் வைத்த மீன் பையின் தண்ணீர் அதன் அடியில் தேங்கிக் காய்ந்திருந்தது. போத்தலையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"தூங்குறா, எழுப்பாத" என்றார் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மாமி. நான் நிற்கவில்லை.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தண்ணீர்க் கூசா காலியாகக் கிடந்தது. உதடு வெடித்திருந்தது. குனிந்தேன், அதே பழ வாடை, மெல்லியதாக.

"ஊசி போட்டியா?"

"ஒண்டுமில்ல ராத்தா. கொஞ்சம் அசதி."

"போட்டியா, இல்லயா?"

"இல்ல."

"மறந்துட்டியா?"

"மறக்கல்ல."

நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். நான் லேசில் அழுகிறவள் இல்லை. அன்றைக்கு அழுகை நிற்கவில்லை. அவள் மெல்லத் திரும்பி, கையை நீட்டி என் கண்ணைத் துடைக்க வந்தாள். "அழாதீங்க ராத்தா. ஸபூர் செய்யுங்க" என்றாள்.

அந்தக் கையைத் தட்டிவிட்டேன். "இனி என்னயத் தேத்தினா அறஞ்சிருவன். மவுத்தானது ஒன்ட புள்ள. என்ட புள்ள இல்ல. ஒனக்கு என்ன செய்யிது, அதச் சொல்லு."

மாமி வாளியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அது வயித்துல இரிக்கக்குள்ள ஊசி நோவல்ல ராத்தா" என்றாள். "அதுக்காகப் போட்டன். விரல்ல குத்தினதும் அதுக்காகத்தான். இப்ப யாருக்குப் போடுற?"

மாமிக்காகப் போடு, புருஷனுக்காகப் போடு, உடம்பு அல்லாஹ் தந்த அமானிதம், அதற்காகப் போடு. எல்லாம் என் வாயில் வந்தது. எல்லாமே அவள் தலையில் இன்னொரு ஆளைத் தூக்கி வைக்கிற பதில்தான். விழுங்கிவிட்டேன்.

"எனக்குத் தெரியா" என்றேன். "இன்னக்கிப் போடு. நாளைக்கிட கதய நாளைக்கிப் பாப்பம்."

என்னைப் பார்த்தாள். பிறகு கையூன்றி எழும்பி இருந்து, போத்தலை வாங்கி மருந்தை இழுத்து, உடுப்பை விலக்கினாள். வயிறு இன்னும் வற்றியிருக்கவில்லை. குத்தும்போது முகம் சுளித்தாள்.

"நோவுது" என்றாள்.

"ஓம், நோவும்" என்றேன்.

போத்தலை என் கையில் திருப்பித் தந்தாள். இனி என் தோளில் சாய்ந்து அழுவாள், அழட்டும் என்று பக்கத்தில் நெருங்கி இருந்தேன். அவள் தலையணையைச் சரிசெய்துகொண்டு திரும்பச் சுவர் பக்கம் படுத்தாள்.

"நீங்க போங்க ராத்தா" என்றாள். "எனக்கு இனி ஒருத்தரையும் தேத்த ஏலா."

போனேன். மாமியிடம் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு, வாந்தி எடுத்தால் உடனே என்னைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனேன். அன்று முழுதும் ஒரு வேலையும் ஓடவில்லை. மாலை ஊசிக்கு மாமி வந்து போத்தலை வாங்கிப்போய், போட்டுவிட்டாள் என்று திருப்பித் தந்தார்.

மறுநாள் சுபஹு தொழுது பாயைச் சுருட்டும்போது கேட் சத்தம் கேட்டது. உள்ளே வந்தாள். ஸலாம் இல்லை, ராத்தா இல்லை, சிரிப்பு இல்லை. பிரிட்ஜைத் திறந்தாள், ஊசியைப் போட்டாள், போத்தலை உள்ளே வைத்துக் கதவை அடித்துச் சாத்திவிட்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போனாள். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு நான் அடுப்பை மூட்டினேன்.